அகவல்: மயில் முதலா, மனிதர் முதலா?

ஜூன் 8, ஒரு வாசகரின் கேள்வி

ஆசிரியப்பாவின் ஓசை மயில் அகவுவதுபோல் இருப்பதால்தான் அதற்கு அகவல் என்று பெயர் வந்தது என்று பள்ளியில் படித்தோம். சென்ற வாரம் விராலிமலைக்குப் போயிருந்தேன். மயில் கத்தியதைக் காதாரக் கேட்டேன். அந்தக் குரலையா பாட்டுக்குப் பெயராக வைத்தார்கள்?

ஜூன் 8, இரவு

வைத்தார்கள். அதிலென்ன குறை? தோகையைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற குரலை எதிர்பார்த்தால் அது மயிலின் பிழையாகாது. குறுந்தொகையில் கபிலர் 'ஆடுமயில் அகவும் நாடன்' என்கிறார் (264). தொல்காப்பியம் செய்யுளியலில் 'அகவல் என்பது ஆசிரியம்மே' என்று ஒரே அடியில் கணக்கை முடிக்கிறது. வடமொழி இசை மரபில் ஷட்ஜத்துக்கே மயிலின் குரலைத்தான் காட்டுவார்கள். ஏழு சுரத்தில் முதல் சுரத்துக்கு ஆகிவந்த குரல் ஒரு பாவுக்கு ஆகாதா?

இன்னொன்று. மயிலின் குரல் கடைசியில் இழுபட்டு நீளும். ஆசிரியப்பாவும் ஏகாரத்தில் இழுபட்டுத்தான் முடியும். 'பாட்டே', 'யானே', 'இலனே' என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஜூன் 9, காலை

தீரவில்லை. நேற்றிரவு எழுதியதில் கடைசிப் பத்தியைப் படிக்காதீர்கள். ஏகாரத்தில் முடிவது சிறப்பு, அவ்வளவுதான். ஆசிரியப்பாவின் ஒரு வகையான நிலைமண்டில ஆசிரியப்பா 'என்' என்றும் முடியும். 'என்' என்று முடித்த மயிலை யாரும் கேட்டதில்லை. மேலும் அகவல் என்பது பாட்டு முழுவதற்கும் உரிய ஓசை. கடைசி எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது, வாலைப் பிடித்துக்கொண்டு யானை கயிறுபோல இருக்கிறது என்றவனின் வேலை.

ஜூன் 9, மாலை

பள்ளி என்றதும் நினைவுக்கு வந்தது. ஏழாம் வகுப்பில் ஒலி மரபு என்று ஒரு பட்டியல். காகம் கரையும், குயில் கூவும், ஆந்தை அலறும், கூகை குழறும், கிளி மிழற்றும், மயில் அகவும். காலாண்டுத் தேர்வில் 'மயில் கத்தும்' என்று எழுதி அரை மதிப்பெண்ணை இழந்தேன். பக்கத்தில் இருந்தவன் 'மயில் ஆடும்' என்று எழுதி அவனும் இழந்தான். விடைத்தாள் கொடுத்த அன்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

இப்போது பெரிய அகராதியைத் திறந்தால் அகவுதலுக்கு மயில்போல் ஒலித்தல், பாடுதல், அழைத்தல் எல்லாம் இருக்கின்றன. கூடவே, ஆடுதல் என்றும் இருக்கிறது. அவனுக்கு அரை மதிப்பெண் கொடுத்திருக்கலாம்.

ஜூன் 13

புதுக்கோட்டைப் பக்கம் அத்தை வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் நிலக்கடலைக் கொல்லை. விடியற்காலை ஐந்து மணிக்குச் சற்று முன்னால் முதல் குரல் வந்தது. தூக்கத்தில் எழுந்தவன் யாரோ பிள்ளையைத் தொலைத்துவிட்டுக் கூவுகிறார்கள் என்றே நினைத்தேன். பூனையின் குரலை நாலு மடங்கு பெரிதாக்கி வாயைத் திறந்தபடியே விட்டால் எப்படி இருக்குமோ அப்படி. ஐந்தாறு முறை விட்டுவிட்டு வந்து நின்றது. பிறகு கண்மாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறொன்று. அது நின்றதும் கோயில் மரத்திலிருந்து மூன்றாவது. நாய் ஒன்று கொல்லைக்குள் நுழைந்தபோது வந்தது முற்றிலும் வேறு குரல். குட்டையாக, வெடுக்கென்று, தொண்டைக்குள்ளேயே வெட்டுப்பட்டதுபோல.

இரண்டையுமே அகவல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலாவது அகவல். இரண்டாவதற்கு அலறல் போதும்.

அத்தை எழுந்து வந்து தகர டப்பாவைத் தட்டினார். கொல்லை பாதி மயிலுக்கே போகிறது என்று அவருக்குக் கோபம். அந்த ஊரில் யார் வாயிலும் 'அகவுகிறது' என்ற சொல்லை நான் கேட்கவில்லை. கத்துகிறது என்கிறார்கள். ஏழாம் வகுப்பில் நான் எழுதியதேதான்.

ஜூன் 14

அகம் + அல் = அகவல், அகத்தின் ஆழத்திலிருந்து எழும் ஓசை என்று ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சொல் அப்படிப் பிறக்கவில்லை. தழுவு, தழுவல். நழுவு, நழுவல். அகவு, அகவல். வினைச்சொல் கண்ணெதிரே நிற்கும்போது அகத்துக்குள் போய்த் தேட வேண்டாம்.

ஜூன் 20

என் முதல் பதிலிலேயே பெரிய ஓட்டை இருக்கிறது என்று இன்று தெரிந்துகொண்டேன். குறுந்தொகை 264-ஐ எடுத்துக்காட்டினேன் அல்லவா? அதே குறுந்தொகையில் 23-ஆம் பாட்டை மறந்துவிட்டேன். ஔவையார் பாடியது.

'அகவன் மகளே அகவன் மகளே
மனவுக் கோப்பன்ன நன்னெடுங் கூந்தல்
அகவன் மகளே பாடுக பாட்டே
இன்னும் பாடுக பாட்டே அவர்
நன்னெடுங் குன்றம் பாடிய பாட்டே.'

தலைவி இளைத்துப்போகிறாள். தாய்க்குக் காரணம் புரியவில்லை. குறி சொல்லும் கட்டுவிச்சியை வரவழைக்கிறாள். அவள் தெய்வங்களை அழைத்து, ஒவ்வொரு மலையாகப் பெயர் சொல்லிப் பாடிக்கொண்டு வருகிறாள். வரிசையில் தலைவனுடைய மலையும் வந்துவிடுகிறது. உடனே தோழி குறுக்கிடுகிறாள்: அந்த மலையைப் பாடினாயே, அதை இன்னொரு முறை பாடு. நோய் எதுவென்று தாய்க்குச் சொல்ல அதற்குமேல் ஒரு சொல் தேவையில்லை. மனவு என்பது சங்குமணி. சங்குமணி கோத்ததுபோன்ற கூந்தல் என்றால் நரைத்த தலை. ஆக, மகளே என்று கூப்பிடப்படுபவள் கிழவி.

இந்தப் பாட்டில் மயிலே இல்லை. அகவுபவள் ஒரு பெண். அவள் அகவுவது தெய்வத்தை.

இன்னும் கொஞ்சம் தேடினேன். குறுந்தொகை 298-இல் பரணர் 'வெண்கடைச் சிறுகோல் அகவன் மகளிர்' என்கிறார். அதே பரணர் அகநானூறு 208-இல் நள்ளிரவில் வள்ளலின் நெடிய வாசலில் நின்று பாடுபவர்களை 'குன்றம் பாடும் நுண்கோல் அகவுநர்' என்கிறார். அந்த அகவுநர் கேட்டால் வெளியன் வேண்மான் ஆஅய் எயினன் யானையையே கொடுப்பானாம். மூன்று பாட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டில் கையில் மெல்லிய கோல். இரண்டில் குன்றத்தைப் பாடுதல். குறி சொல்பவளும் பரிசில் கேட்பவனும் ஒரே தொழிலின் இரண்டு கிளைபோலத் தெரிகிறார்கள். ஒருத்தி தெய்வத்தைக் கூப்பிடுகிறாள், மற்றவன் கொடையாளியைக் கூப்பிடுகிறான். மலை பெயர்பெற்றுப் பாட்டில் வருவது இருவருக்கும் பொது. பிற்காலத்துக் குறவஞ்சியில் குறத்தி சிங்கி மாத்திரைக்கோலோடு வந்து மலைவளம் பாடிவிட்டுக் குறி சொல்கிறாளே, அவள் இவர்களின் பேத்தியாக இருக்க வேண்டும். இது என் எண்ணம்.

ஜூன் 21

'அகவன் என்பவர் யார்? அவருடைய மகளா?' என்று கேட்டிருக்கிறார் முதல் கேள்வியைக் கேட்டவர். அப்படி ஒருவர் இல்லை. அகவல் + மகள். லகரம் மகரத்துக்கு முன்னால் னகரமாகும், கல் + மலை கன்மலை ஆவதுபோல. அகவுதலைத் தொழிலாக உடையவள், அவ்வளவே. ஆனால் உங்கள் கேள்வி எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு புணர்ச்சி விதி ஓர் அப்பாவைப் பெற்றெடுக்கிறது என்பதை மாணவர்களிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 28

ஆகவே என் பக்கத்தை மாற்றிக்கொள்கிறேன். அகவு என்றால் முதலில் கூப்பிடு. மயில் அதைச் செய்யும் பல பேரில் ஒன்று.

ஏன் என்று கேட்டால், நாலு பாக்களின் ஓசைப் பெயரைப் பாருங்கள். செப்பல், அகவல், துள்ளல், தூங்கல். வெண்பாவுக்குச் செப்பல் என்றால் ஒருவர் கேட்க ஒருவர் சொல்வது. அது மனிதர் பேசும் முறை. அதற்கு இணையாக நிற்க வேண்டியது மனிதர் பேசும் இன்னொரு முறைதானே? எதிரில் இருப்பவனிடம் சொல்வது ஒன்று, எட்ட இருப்பவனை அழைப்பது ஒன்று. செப்பலுக்குப் பக்கத்தில் மயிலைக் கொண்டுபோய் நிறுத்தினால் வரிசை கோணலாகிறது. தொல்காப்பியமும் அகவலைச் சொன்ன கையோடு 'அஃதான்று என்ப வெண்பா யாப்பே' என்கிறது. அகவல் அல்லாதது வெண்பா. நாலடியார்க்காரர்கள் இதைக் கேட்டால் வருந்துவார்கள்.

செய்யுளியலின் பழைய உரையும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஒருவன் வினவ ஒருவன் விடை சொல்வதாக இல்லாமல், தான் கருதியதையெல்லாம் வரையாமல் எடுத்துச் சொல்லிக்கொண்டே போவது அகவிக் கூறுதல் என்றும், வழக்கில் அதை அழைத்தல் என்றும் சொல்வர் என்றும் விளக்குகிறது. எடுத்துக்காட்டாக அது நிறுத்துபவர்கள் போர்க்களம் பாடுபவர்களும் கட்டும் கழங்கும், அதாவது நெல்லும் கழற்சிக்காயும், வைத்துக் குறி சொல்பவர்களும். மயிலை அங்கே காணோம்.

ஜூன் 28, சற்று நேரம் கழித்து

ஆனால் விடியற்காலையில் நான் கேட்ட மயில்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டிருந்தனவே? அப்படியானால் அவை செப்பலோசைக்காரர்கள். மயில் வெண்பாப் பாடுகிறது என்று நான் அறிவித்தால் யாரும் நம்பப்போவதில்லை.

ஜூலை 3

நேற்று மழை. வேலை இல்லை. அகவன் மகளே என்ற அடியைச் சீர் பிரித்து, ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறையான தளையைப் பார்த்தேன். நேர் அசையில் முடியும் சீர் மா, நிரை அசையில் முடிவது விளம். ஆசிரியத்தளைக்கு மாவுக்குப் பின் நேர் வர வேண்டும், அல்லது விளத்துக்குப் பின் நிரை வர வேண்டும். மாவுக்குப் பின் நிரை வந்தால் வெண்டளை.

அகவன், நிரை நேர், புளிமா. மகளே, நிரை நேர், புளிமா. அகவன், புளிமா. மகளே, புளிமா. ஒவ்வொரு மாவுக்கும் பின்னால் நிரை. அடி முழுவதும் இயற்சீர் வெண்டளை! அகவல் என்ற சொல்லையே கூவி அழைக்கும் அடியில் மருந்துக்குக்கூட ஓர் ஆசிரியத்தளை இல்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

இலக்கணம் இதற்கு இடம் கொடுக்கிறது. நேரொன்றாசிரியத்தளை வந்தால் ஏந்திசை அகவல், நிரையொன்று வந்தால் தூங்கிசை அகவல், கலந்துகட்டி வந்தால் ஒழுகிசை அகவல் என்று மூன்றாகப் பிரித்து எல்லாவற்றையும் உள்ளே சேர்த்துக்கொள்வார்கள். சரிதான். ஆனாலும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அகவல் ஓசை தளைக் கணக்குக்குள் முழுவதாக அடங்கியதல்ல. ஒரே அழைப்பை இரண்டு முறை சொல்கிறாள், அடுத்து ஓர் அடி தள்ளி மூன்றாவது முறை. பாடு, இன்னும் பாடு. கூப்பிடுகிறவள் குரல் அப்படித்தான் வரும், எந்தத் தளையில் வந்தாலும்.

ஜூலை 15

அகவல் என்றால் எங்கள் வீட்டில் விநாயகர் அகவல்தான். 72 அடி. 'சீதக் களபச் செந்தாமரைப் பூம்' என்று பாட்டி தொடங்கினால் சாம்பார் கொதித்து முடியும்போது சரியாக முடியும். அகவல் சொன்னாயா என்றுதான் கேட்பார், எந்த அகவல் என்று கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. திருவாசகத்தில் சிவபுராணம், கீர்த்தித் திருவகவல், திருவண்டப்பகுதி, போற்றித் திருவகவல் என்று நாலு அகவல்கள். வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதி அகவல் 1596 அடி. 1872 ஏப்ரலில் மேட்டுக்குப்பத்தில் ஒரே இரவில் பாடியது என்பார்கள். கபிலர் பெயரில் பிற்காலத்தில் ஓர் அகவல் இருக்கிறது, சாதிப் பாகுபாட்டைக் கேள்வி கேட்பது, அதை மட்டும் யாரும் பூசையறையில் வைப்பதில்லை.

பாவின் பெயராக இருந்தது இப்படித் துதியின் பெயராக ஆகிவிட்டது. ஒரு வகையில் சொல் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. கட்டுவிச்சி செய்ததும் தெய்வத்தைப் பெயர் சொல்லி அழைத்ததுதானே.

ஜூலை 16

நேற்றுச் சிவபுராணத்தை அகவல் பட்டியலில் சேர்த்துவிட்டேன். தவறு. அது கலிவெண்பா. மற்ற மூன்றும்தான் ஆசிரியம். நாலையும் ஒரே மூச்சில் ஓதிப் பழகிய வாய் செய்த வேலை. இருவர் தனித்தனியாகச் சுட்டிக்காட்டினார்கள். ஒருவர் அன்பாக, ஒருவர் அன்பில்லாமல்.

ஆகஸ்ட் 4

கேள்வி மயிலைப் பற்றியது. ஆனால் மற்றப் பறவைகளை விட்டுவிட்டால் பாதிதான் சொன்னதாகும்.

கரைதல். 'காக்கை கரவா கரைந்துண்ணும்' (குறள் 527). கரக்காமல் கரைகிறது, மறைக்காமல் அழைக்கிறது. இனத்தைக் கூப்பிட்டுத்தான் உண்கிறது. குறுந்தொகை 210-இல் 'விருந்துவரக் கரைந்த காக்கை'. பிரிந்த தலைவன் திரும்பி வந்து தோழிக்கு நன்றி சொல்லும்போது, நான் என்ன செய்தேன், எல்லாம் விருந்து வரக் கரைந்த காக்கையின் புண்ணியம் என்கிறாள் அவள். இந்த ஒரு பாட்டால் பாடியவருக்குக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று பெயரே நிலைத்துவிட்டது. இங்கேயும் கரைதல் வெறும் சத்தம் ஆகாது. வருபவரை வரச்செய்வது. இன்றைக்கும் மதில்மேல் காகம் கரைந்தால் அத்தை உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடுகிறார். பெரும்பாலும் வருவது நான்தான்.

கூவுதல். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் குயிலிடம் சொல்கிறாள்: 'மெள்ள இருந்து மிழற்றி மிழற்றாது என் வேங்கடவன் வரக் கூவாய்'. ஏழாம் வகுப்புப் பட்டியலில் மிழற்றுதல் கிளிக்கு, கூவுதல் குயிலுக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்திருந்தார்களே, இங்கே இரண்டும் ஒரே குயிலுக்கு! மிழற்றுவது அழகுக்கு, கூவுவது ஆள் வருவதற்கு. மிழற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே, அவன் வரும்படி கூவு. மாணிக்கவாசகரின் குயிற்பத்திலும் இதே வேண்டுகோள்தான்.

ஆக அகவல், கரைதல், கூவுதல் மூன்றிலும் அழைப்பு உள்ளே இருக்கிறது. ஆந்தை அலறுவதிலும் வண்டு முரலுவதிலும் அது இல்லை. கூகை குழறும்போதும் யாரும் வர வேண்டாம். நம் முன்னோர் எந்தப் பறவை கூப்பிடுகிறது, எது வெறுமனே ஒலிக்கிறது என்று தரம் பிரித்திருக்கிறார்கள் என்றே படுகிறது.

ஆகஸ்ட் 5

நேற்றுக் கடைசி வரியில் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேன். 'குக்கூ என்றது கோழி' என்று அள்ளூர் நன்முல்லையார் பாடுகிறார் (குறுந்தொகை 157). சேவல் கூவுவது யாரையும் வரவழைக்க இல்லை. அந்தப் பாட்டில் அது கணவனைப் பிரிக்கும் வாள்போல விடியலைத்தான் கொண்டுவருகிறது. விடியலை அழைக்கிறது என்று சமாளிக்கலாம். சமாளிக்க விரும்பவில்லை. மூன்று சொல்லுக்கும் அழைத்தல் என்ற பொருளும் உண்டு, அதுவே போதும்.

ஆகஸ்ட் 5, இரவு

எல்லாம் சரி, முதல் கேள்விக்கு என்ன பதில் என்று கேட்கிறார் கேட்டவர். மயில் ஓசையால் பாவுக்குப் பெயர் வரவில்லை என்று நினைக்கிறேன். அழைப்பால் பாவுக்கும் பெயர் வந்தது, மயிலுக்கும் வினை வந்தது. பாட்டில் கபிலரின் மயிலும் ஔவையின் கட்டுவிச்சியும் ஒரே தொகையில் இருப்பதால் எது மூத்தது என்று தேதி போட்டுச் சொல்ல வழியில்லை. ஆனால் மயில்தான் மூத்தது என்றால், அந்தக் கிழவியை 'மயில்போல் கத்துபவளே' என்று தோழி மூன்று முறை விளித்ததாக ஆகும். குறி சொல்ல வந்தவள் கோலைச் சுழற்றியிருப்பாள்.

செப்டம்பர் 24

அத்தை வீட்டுக்கு மறுபடி போனேன். கொல்லையில் இரண்டு ஆண் மயில்கள் தோகை உதிர்ந்து, பெரிய கோழிபோல நடந்துகொண்டிருந்தன. அத்தை பொறுக்கிவைத்த பீலிகள் தாழ்வாரத்தில் ஒரு கட்டு. விடியற்காலை நாலரைக்கே எழுந்து உட்கார்ந்தேன். ஐந்து ஆனது, ஐந்தரை ஆனது. கரிச்சான் கத்தியது. காகம் கரைந்தது. மயில் வாயைத் திறக்கவில்லை.

காப்பி கொண்டுவந்த அத்தையிடம், என்ன, மயில் கத்தவே காணோமே என்றேன்.

'கூடுகிற காலம் முடிந்துவிட்டதப்பா. இனி எதற்குக் கூப்பிடும்?' என்றார்.

ஜூன் மாதம் 'அந்த ஊரில் யார் வாயிலும் கேட்கவில்லை' என்று எழுதினேன். அந்த வரியை அப்படியே விட்டுவைக்கிறேன், சொல்லைத்தான் கேட்கவில்லை.